ஆண்கள் வீட்டில் இஞ்சி வாசம்

ஜேம்ஸ் டவுன், அக்ரா
12 மே 1994, வியாழன்

லாமிலிக்கு,

மூத்த தாரம் கோர்கோய் எழுதுவது. நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். நான் நலம். மகோலா சந்தையில் துணி வியாபாரம் நடக்கிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். பதறாதே, நான் எந்த விதியையும் மீறவில்லை. போன மாதம் பெயர்சூட்டு விழாவில் நம் வீட்டுக்காரர் ஒகாய் சபை நடுவே, மசாலா வாழைப்பழப் பொரியலை மென்றுகொண்டே, "கெலெவெலேன்னா அது லாமிலி கை கெலெவெலேதான்" என்று சொல்லித் தொலைத்ததும், நான் தட்டை வீசியதும், நீ என் தலைத்துணியைப் பிடித்து இழுத்ததும் ஊர் அறிந்த கதை. பெரியவர்கள் கூடி நமக்கு ஆளுக்கொரு ஜின் புட்டி அபராதம் போட்டார்கள். ஹோமோவோத் திருவிழா முடியும்வரை நாம் ஒருத்தியிடம் ஒருத்தி வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். திருவிழாவுக்கு முன் ஊருக்கு மேளத் தடை, நமக்கு வாய்த் தடை. காகிதத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒகாயின் இடது கால் கட்டைவிரலில் இருக்கும் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும், விட்டால் பாதமும் போகும் என்று டாக்டர் நம் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வாழைக்காயை அவித்துக் கொடுக்கலாம், பழுத்த வாழை வாசலைக்கூடத் தாண்டக் கூடாது என்றார். எனக்குச் சொன்னதை உனக்கும் சொன்னார்தானே?

திங்கட்கிழமை நான் ஆண்கள் வீட்டுக்குக் கொண்டுபோன மீனை அவர் தொடவே இல்லை. "பசி இல்ல" என்றார். கையை முகர்ந்து பார்த்தேன். இஞ்சி, கிராம்பு, மிளகாய். மேல்துணியில், கெலெவெலேயோடு கொறிக்கும் வேர்க்கடலையின் தோல் ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருடமாக வாழைப்பழம் வெட்டி, மசாலா பிசறி, எண்ணெயில் பொரித்தவள் நான். அந்த வாசம் எனக்குத் தெரியாதா?

திங்கள் முதல் புதன்வரை என் சட்டி. வியாழன் முதல் சனிவரை உன் சட்டி. ஞாயிறு அவர் தங்கை அஜெலி வீட்டில், என் கண்முன்னே, எல்லோரோடும். அவர் தன் அண்ணன் தம்பிகளோடு இருக்கும், பெண்கள் தங்காத அந்த ஆண்கள் வீட்டில் அடுப்பு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே போகும் ஒவ்வொரு கவளமும் ஒரு பெண்ணின் சட்டியிலிருந்துதான் போக வேண்டும். என்னிடமிருந்து போகவில்லை. மிச்சம் யார் என்று நீயே சொல்.

கடிதத்தை அஜெலியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் உண்டு. உறையைக் கஞ்சிப்பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பசை விட்டிருந்தால் எழுது.

கோர்கோய்


ஓசு
16 மே 1994

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாமிலி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்காலுக்கு ஷியா வெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள், நல்ல குணம் தெரியும். உறையின் பசை விடவில்லை. அஜெலி மட்டும், "உள்ள என்ன எழுதிருக்கா, திட்டா?" என்று மூன்று முறை கேட்டாள். நலம் விசாரித்திருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை.

அக்கா, டாக்டர் எனக்கும் சொன்னார். நான் தையல் மெஷினுக்கு எதிரில் அதை எழுதி ஒட்டியே வைத்திருக்கிறேன். வியாழன் அவித்த வாழைக்காயும் கீரையும். வெள்ளி சுட்ட மீன். சனி அவரைக்காய். இதைத் தவிர என் பாத்திரத்தில் எதுவும் போவதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் இரத்தம் பார்க்கப் போவது வியாழக்கிழமை காலை. அதாவது உங்கள் மூன்று நாள் முடிந்த மறுநாள். நான் மாலையில் சாப்பாட்டோடு போய், "இன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டால், "கூடத்தான்" என்கிறார். மூன்று நாள் உங்கள் கையில் சாப்பிட்டவருக்கு நான்காம் நாள் காலையில் சர்க்கரை கூடினால், யாரைச் சந்தேகப்படுவது?

அன்றைக்கு அவர் என் கையைப் புகழ்ந்தது எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்காதீர்கள். அதனால் எனக்கு ஒரு புட்டி ஜின் போயிற்று. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு நல்ல வார்த்தை கேட்டேன், அதையும் நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. உங்களுக்குத்தான் அது பொறுக்கவில்லை. இழந்த பெயரைத் திரும்ப வாங்க யார் சட்டியை அடுப்பில் வைப்பார்கள் என்று பெயர்சூட்டு விழாவுக்கு வந்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்த இஞ்சி வாசம் எனக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தெரிந்தது. உங்களுடையது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பணிவுடன்,
லாமிலி


ஜேம்ஸ் டவுன்
9 ஜூன் 1994

லாமிலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் பெரியவர்கள் காகிதத்துக்கும் தடை போடும்படி எழுதியிருப்பேன்.

நீ பணிவுடன் என்று கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இருக்கட்டும். இப்போது என்னிடம் வெறும் வாசம் இல்லை, சாட்சி இருக்கிறது.

நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் பாயை உதறினேன். அடியில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள். உள்ளே கெலெவெலேத் துண்டு இரண்டு, ஆறிப்போய், கல்லாக. அவர் வந்ததும் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"எது?"

"இந்த எண்ணெய்ப் பேப்பர்."

"பழைய செய்தி படிச்சிட்டு இருந்தேன்."

"எண்ணெய் ஊத்தியா படிப்பாங்க?"

"எழுத்து சின்னதா இருந்துச்சு, கோர்கோய். பளிச்சுன்னு தெரியட்டும்னு."

வெளியே அவர் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

துண்டுகளை நன்றாகப் பார்த்தேன். நான் எப்போதும் சாய்வாக வெட்டுவேன், அது என் அம்மா கை. இது சதுரம். தாயக்கட்டை மாதிரி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. அவசரத்தில் வெட்டிய கை. அதோடு சோம்பு போட்டிருந்தது. என் வீட்டில் சோம்பு வாங்கியதே இல்லை. உன் கெலெவெலேயில் என்ன போடுகிறாய் என்று எனக்குத் தெரியாது. விழாவில் சுவைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை வீசியிருக்க வேண்டும். அது நான் செய்த தப்பு.

இப்போது பதில் சொல். அந்தக் காலைப் பார்த்தாயா? கட்டுப் போட்ட துணியை என்னிடம் அவிழ்க்க விடுவதில்லை. "ஆஸ்பத்திரில கட்டினது, தொடாத" என்கிறார். நொண்டுவது கூடியிருக்கிறது. நீ பெயர் வாங்குவதற்கு அவர் கால் விலையா? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலோடு இருக்கும் மனிதரை நீ வைத்துக்கொண்டு சீராட்டுவாயா, என்னிடம் தள்ளிவிடுவாயா என்பது எனக்குத் தெரியும்.

கோர்கோய்


ஓசு
24 ஜூன் 1994

அக்காவுக்கு,

முந்தாநாள், புதன்கிழமை, ஓசு சந்தையில் பச்சைத் தலைத்துணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கருவாட்டுக்காரி வந்து என்னிடம், "உன் மூத்தவளுக்கு உடம்பு சரியில்லயா? ஒரு கருவாடுகூட வாங்காம மோந்து மோந்து பாத்துட்டு இருந்தாங்களே" என்றாள். வெயிலில் உங்கள் முழங்கால் என்ன பாடுபட்டதோ. நான் அன்றைக்கு வாங்கியது தக்காளியும் நூல்கண்டும். பார்த்திருப்பீர்கள்.

உங்களிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்தால் மற்ற எதையும் நம்ப மாட்டீர்கள். மே 28, சனிக்கிழமை, நான் பொரித்துக் கொடுத்தேன். "நாலே நாலு துண்டு, லாமிலி. வாயே மரத்துப் போச்சு. இப்படியே போனா நான் சாகுறதுக்கு முன்னாடி என் நாக்கு செத்துடும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான்கு துண்டு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து விடியும்வரை அழுதேன். அதற்குப் பிறகு இல்லை. என் தையல் மெஷின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், அந்த விழாவை விட்டால் அதற்கு முன்பும் இல்லை.

ஆனால் அக்கா, நான் பிறை மாதிரி வெட்டுவேன். சதுரம் என் கை இல்லை. சோம்பு எனக்குத் தும்மல் கொண்டுவரும், என் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உங்களுக்குப் பொய்யாகத் திட்ட வராது. அதனால் அது உங்கள் கையும் இல்லை என்று இப்போது நம்புகிறேன், முக்கால்வாசி.

அப்படியென்றால் அந்தச் சதுரம் வெட்டுகிறவள் யார்?

நீங்கள் என்னைச் சகிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூன்றாவதாக ஒருத்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் தலைத்துணியோடு நிறுத்த மாட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் எப்படி உடுத்துகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலேயே மடிப்புக் கலையாத சட்டை. இப்போது சட்டை எல்லாம் கசங்கியிருக்கிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்கு என்று என்னிடம் பதினைந்து நாளுக்கு ஒரு பை கரி கேட்டு வாங்குகிறார். உங்களிடமும் கேட்கிறாரா? அந்தக் கரியை யாருக்குக் கொடுக்கிறார்?

நீங்கள் எப்போதும் ஆறு மணிக்குத்தான் போவீர்கள் என்று அவருக்குத் தெரியும். நேரத்தை மாற்றிப் போய்ப் பாருங்கள். ஓசுவில் இருந்து நான் வருவதற்குள் யாராவது பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்துத் தெருதானே.

லாமிலி


ஜேம்ஸ் டவுன்
14 ஜூலை 1994

தங்கச்சி லாமிலிக்கு,

உட்கார்ந்து படி.

கரி என்னிடமும் வாங்குகிறார். நானும் பதினைந்து நாளுக்கு ஒரு பை கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த மூன்றாமவளைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தூக்கமே இல்லை. லோமேவுக்குத் துணி எடுக்கப் போகும் பயணத்தை முடித்துக்கொண்டு வந்ததும், திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். கையில் உலக்கை எடுத்துப் போனேன் என்று அஜெலி சொன்னால் நம்பாதே. அது துணி அளக்கும் கோல்.

வாசலில் அவர் அண்ணனும் தம்பியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன் இருமினார். தம்பியும் இருமினார். இருவர் வாயிலும் வேர்க்கடலை.

"உள்ள யாரு?" என்றேன்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நாங்க பாக்கவே இல்ல."

"அவ எந்த ஊர்க்காரி?"

"எவ?" என்றார் தம்பி, உண்மையாகவே புரியாமல்.

பின்கட்டுக்குப் போனேன். அங்கே பெண் யாரும் இல்லை. இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, கரி நெருப்பின் மேல் சின்ன வாணலியை வைத்து, அதன் முன்னால் நம் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். பக்கத்தில் பலகையில் சதுரம் சதுரமாக வாழைப்பழம். அம்மியில் இஞ்சி. துண்டுகளைத் திருப்பிப் போடக் கையில் குடைக்கம்பி.

ஒகாய் சமைக்கிறார். ஆண்கள் வீட்டில், பட்டப்பகலில், தானே. இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் தண்ணீர் சுட வைத்து நான் பார்த்ததில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன், அஜெலியைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத ஒருத்தியை மனதுக்குள் நாற்பது முறை அடித்தேன். இவரை நினைக்கவில்லை. நீயும் நினைக்கவில்லை. நினைத்திருக்கவும் மாட்டோம்.

"சத்தம் போடாத. உக்காரு. தீஞ்சிடும்" என்றார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்க ரெண்டு பேரு கையயும் பாத்துத்தான். சோம்பு மட்டும் என் யோசனை."

"ரெண்டு பொண்டாட்டி இருக்கும்போது உங்களுக்கு இது என்னங்க தலையெழுத்து?"

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒருத்தி கையப் புகழ்ந்ததுக்கு ஒரு கூட்டமே கூடித் தீர்ப்பு சொல்லிச்சு. உன்கிட்ட கேட்டா அவ அழுவா. அவகிட்ட கேட்டா நீ தட்டை எடுப்ப. நானே பொரிச்சா யாரு கையும் ஒசத்தி இல்ல, யாரு கையும் மட்டம் இல்ல."

ஒரு துண்டு எடுத்து என் வாயில் வைத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, லாமிலி. நன்றாகவே இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உன்னுடையதை நான் சாப்பிட்டதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

வாணலியை இறக்கி வைத்தேன். அதை இறக்கியிருக்கக் கூடாது, அல்லது மூன்று மாதம் முன்பே இறக்கியிருக்க வேண்டும். இஞ்சிப் புகை கலைந்ததும் அதற்கு அடியிலிருந்து வேறொரு நாற்றம் வந்தது.

"துணிய அவுருங்க."

"வேணாம், கோர்கோய்."

நான் அவிழ்த்தேன். இரண்டு விரல் கறுத்துப்போயிருக்கிறது. பாதம் வீங்கிப் பளபளக்கிறது. டாக்டர் பார்த்தால் வெட்டிவிடுவார் என்ற பயத்தில் மே மாத ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லையாம். வியாழன் காலை போகப் போகிறேன் என்று புதன்கிழமை என்னிடம் சொல்வார். போய்விட்டு வந்தேன் என்று வியாழன் மாலை உன்னிடம் சொல்வார். உன் நாளுக்கும் என் நாளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு காலைப் பொழுதில் ஒளிந்துகொண்டார். நாம் பேசிக்கொள்ளாததுதான் அவருக்கு வசதியாக இருந்தது. தின்பது பாதி, நாற்றத்தை மறைப்பது பாதி என்று இஞ்சியும் கிராம்பும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.

நான் இரண்டு மாதமாக மோப்பம் பிடித்தது உன்னை. அவர் பாதத்தை அல்ல.

மறுநாள் காலையே அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தினமும் ஊசி, தினமும் கட்டு. மூன்று வாரம் பார்ப்போம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இனிமேல் உன் நாளில் நடப்பதை நீ அன்றைக்கே எழுது, நான் என் நாளில் நடப்பதை எழுதுகிறேன். இரண்டு வரி போதும். வாணலியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோர்கோய்


ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
4 ஆகஸ்டு 1994, வியாழன், காலை பதினொன்றரை

அக்கா,

முந்தாநாள் நீங்கள் எழுதிய இரண்டு வரியில் "காய்ச்சல் மாதிரி இருக்கிறது" என்று இருந்ததால் மாலைவரை பொறுக்காமல் காலையிலேயே போனேன். உடம்பு கொதித்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார், நான் திருத்தவில்லை. அவர் அண்ணனும் தம்பியும் தூக்கி டாக்ஸியில் போட்டார்கள். கடைக்கு ஆள் அனுப்பினேன், நீங்கள் தேமாவுக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அஜெலி இந்தக் கடிதத்தோடு உங்கள் கடையிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள், அழுதே விஷயத்தைக் கெடுத்துவிடுவாள்.

டாக்டர் சொன்னது இதுதான். இன்றைக்கு எடுத்தால் கணுக்காலோடு போகும். நாளைக்கு என்றால் முழங்கால். அதையும் தாண்டினால் உயிரே போகும். மே மாதமே வந்திருந்தால் ஒரு விரலோடு முடிந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். நான் யார், நீங்கள் யார், நாம் அந்த மூன்று மாதம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாதது நல்லது.

நடுவில் ஒரு தரம் தெளிந்தார். "லாமிலி, கால எடுத்துட்டா நான் யாரு வீட்டுக்கும் நடந்து வர முடியாது. ரெண்டு பேரும் விட்டுடுவீங்களா?" என்று கேட்டார். "நீங்க எங்க நடந்து வந்தீங்க? எப்பவும் நாங்கதானே சட்டியத் தூக்கிட்டு வர்றோம்" என்றேன். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது ஒரு படிவம் நீட்டியிருக்கிறார்கள். வெட்டச் சம்மதம் என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தர், "நீங்கதான் சம்சாரமா?" என்று கேட்டார். "ஒருத்தி நான். மூத்தவங்க வந்துட்டு இருக்காங்க" என்றேன். "ஒரு கோடுதாம்மா இருக்கு. யாராவது ஒருத்தர் போடுங்க" என்றார்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அக்கா. உங்கள் மனது எனக்கு இப்போது தெரியும், மூன்று மாதமாக அதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். நான் முழுக் கோட்டிலும் என் பெயரை எழுதினால், மனைவி என்ற இடத்தை இவள் பிடித்துக்கொண்டாள் என்று நினைப்பீர்கள். முழுக் கோட்டையும் உங்களுக்கு விட்டுவைத்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் பழி மூத்தவள் தலையில் விழட்டும் என்று தந்திரமாக ஒதுங்கினாள் என்று நினைப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இரண்டையும் நினைத்திருப்பேன்.

அதனால் கோட்டின் இடது பாதியில் என் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எழுத்தர் முறைத்தார். வலது பாதி காலியாக இருக்கிறது. இரண்டு மணிக்குக் கத்தியை எடுக்கிறார்கள், அதற்குள் வந்துவிடுங்கள்.

லாமிலி